பட்டாளத்துப் பந்தி

மேசையைத் துடைத்து, பெஞ்சுகளை உள்ளே தள்ளி, கடைசியாகச் சாப்பிட்ட மிளகுக் கிடங்கு ஆட்களை ஒவ்வொருவராக “போயிட்டு வாங்கண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் சங்கரி பின்கட்டுக்குச் சாயா போடப் போனாள். டம்ளரோடு திரும்பி வந்தபோது, சுவரிலிருந்த பழைய படத்துக்குக் கீழே, மேசையில் ஓர் எச்சில் இலை கிடந்தது.

இலை கிடந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கடையில் பின்னே என்ன கிடக்கும்? நேரம் தவறி வந்த எவனாவது மிச்சமிருந்ததைத் தானே போட்டுத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது மடிந்திருந்த விதம் அவளை அப்படியே நிறுத்திவிட்டது. இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி, சாப்பிட்டவன் தன்னிடமிருந்து விலக்கி எதிர்ப்பக்கமாக மடித்திருந்தான். கல்யாண வீட்டில் மேல்பாதியைத் தன்னை நோக்கி மடிப்பார்கள், உறவு நிலைக்கட்டும் என்று. எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில் மட்டும், இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. இங்கே சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். இதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாக மடிக்கும்.

எடுத்துக் கூடையில் போட்டாள். போட்ட பிறகு விரலை மோந்து பார்த்தாள். சாம்பார் வாசமோ மோர் வாசமோ இல்லை. நனைந்து காயாத கம்பளியின் வாடை. மட்டாஞ்சேரி வெக்கையில் கம்பளி வைத்திருப்பவர் யார் என்று யோசித்துக்கொண்டே கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

படத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இடம் முன்பு முகைதீன் பிச்சையின் கிடங்கு. யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவர், உடைந்த நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டு வைத்திருந்த கீழ்த்தளத்தைச் சங்கரிக்கும் அவள் புருஷன் தங்கதுரைக்கும் சாப்பாட்டுக் கடை வைக்க வாடகைக்குக் கொடுத்திருந்தார். முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, அடுப்படியிலிருந்தே ஏறிப்போகும் மரப்படி, மேலே அவர்கள் படுக்கும் மச்சு. சாமான்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனவர், கூடத்துச் சுவரில் இருந்த அந்த ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் சட்டத்தைச் சுற்றிச் சாந்து பூசியிருந்ததால் கழற்ற முடியாது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அச்சுப் படம். கண்ணாடிக்குள் காகிதம் சாயா நிறத்துக்கு வந்திருந்தது. சண்டை, துப்பாக்கி, குதிரை என்று எதுவும் இல்லை. கூடாரத்து முன்னால் எட்டுச் சிப்பாய்கள், தலைப்பாகையும் தொளதொளத்த கால்சட்டையுமாக. ஒருவன் மற்றொருவனுக்கு முகம் மழிக்கிறான். ஒருவன் காலில் தைத்த முள்ளை எடுக்கிறான். இருவர் துணி பிழிகிறார்கள். ஒருவன் குப்புறக் குனிந்து அடுப்பை ஊதுகிறான், அடுப்பில் மூடி போட்ட பெரிய அண்டா. ஒருவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறான். ஓரத்தில் ஒருவன் மடியில் காலித் தட்டை வைத்துக்கொண்டு நேராகக் கூடத்தைப் பார்க்கிறான். படத்தில் எவனும் சாப்பிடவில்லை. வந்த புதிதில் சங்கரி அதைப் பார்த்து, “பாவம், இவனுகளுக்கு இன்னும் வேகலையாம்” என்று சிரித்ததுண்டு. 

எல்லாம் ஆடி அமாவாசையில் தொடங்கியது. இங்கே அதைக் கர்க்கடக வாவு என்கிறார்கள். ஆலுவாவுக்குப் போய் ஆற்றங்கரையில் திதி கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. பெரியாற்றில் வெள்ளம் ஏறிவிட்டது, திதி கொடுக்கும் மணல்வெளியான மணப்புறம் முழுகிவிட்டது என்று போனில் சேதி வந்ததும் தங்கதுரை கடையிலேயே படையல் போட்டுவிடலாம் என்றான். தங்கதுரைக்கு எந்தக் காரியத்துக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவன் அல்லவா, பிராட்வே கடைத்தெருவின் அத்தனை சந்தும் அத்துப்படி.

அவன் வீட்டில் வழிவழியாக ஒரு பழக்கம். அமாவாசைப் படையலில் அப்பா, தாத்தாவோடு பட்டாளத்துத் தாத்தாவுக்கும் தனி இலை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி யுத்தத்துக்குப் போனவர், திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை, போட்டோவும் கிடையாது. படமில்லாத இடத்தில் வெறுஞ்சுவருக்கு முன்னால் இலை போட்டு, “உங்க பங்கு எங்ககிட்ட இருக்கு, வந்து சாப்பிடுங்க” என்று சொல்வார்கள்.

“இந்த வருஷம் வெறுஞ்சொவரு வேண்டாம் சங்கரி,” என்றான் தங்கதுரை. “அந்தா தட்டு வெச்சிருக்கான் பாரு, அவன் மூக்கு எங்கப்பா மூக்கு மாதிரியே இருக்கு. தாத்தாவாத்தான் இருக்கும்.”

“மூக்கு எல்லாருக்குந்தான் இருக்கு. சும்மா இருங்க.”

“இல்லாட்டியும் என்ன? பட்டாளத்து ஆளுதானே.”

கண்ணாடி மேல் அந்தச் சிப்பாயின் நெற்றியில் அவனே சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தான். சங்கரிக்கு என்னவோ போலிருந்தது. படத்தில் இருப்பவருக்குப் பொட்டு வைத்தால் அவர் இறந்தவர், நம் வீட்டுக்காரர் என்று அர்த்தம். முகம் தெரியாத ஒருவனை எப்படி வீட்டுக்காரனாக்குவது? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இலை போட்டு, சோறு, பருப்பு, வாழைக்காய், வடை எல்லாம் வைத்து, அவன் வழக்கம்போல் கூப்பிட்டான். பிறகு முறைப்படி இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். வந்தவர் சாப்பிடும்போது மனுஷர் இருக்கக் கூடாது, மனுஷர் திரும்ப உள்ளே போகும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

காக்கைக்கு வைத்த சோறு அப்படியே கிடந்தது. மழை, அதனால் காக்கை வரவில்லை என்றான் தங்கதுரை. படையல் இலையில் உட்கார்ந்து அவன்தான் சாப்பிட்டான், மூத்த மகன் சாப்பிட வேண்டும். அவன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தவள் துப்பிவிட்டாள். உப்பில்லை, புளிப்பில்லை, வெந்த காகிதத்தைத் தின்ற மாதிரி இருந்தது. அடுப்படியில் மிச்சமிருந்த அதே குழம்பில் எல்லாம் சரியாக இருந்தது.

அன்று ராத்திரியே அவனுக்குப் பசி தொடங்கிவிட்டது.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். புருஷன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் எந்தப் பொண்டாட்டிக்குக் கசக்கும்? இட்லியை ஈடு ஈடாகத் தின்றான். மத்தியானம் இரண்டு பந்தி ஆள் சாப்பிடுவதைத் தனியாகச் சாப்பிட்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்து என்ன என்று அடுப்பைப் பார்த்தான். அப்படித் தின்றவன் உடம்பில் அது எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டது. லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், சர்க்கரை இல்லை, காசம் இல்லை, பூச்சி இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். வரும் வழியில் அந்த மாத்திரையையும் அவன் பசிக்குத் தின்றுவிட்டான். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் அவர்கள். சொந்த ஊரில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். இந்த ஊரில் அவளுக்கு அவன்தான், அவனை விட்டால் யாரும் இல்லை.

அன்று கூடையில் போட்ட அந்த எச்சில் இலைக்குப் பிறகு இன்னும் இலைகள் வந்தன. துடைத்த மேசையில், பூட்டிய கூடத்தில், எல்லாம் எதிர்ப்பக்கம் மடிந்து. ஆளுக்கு அளந்து வடித்த சோறு கடைசிப் பந்திக்குப் போதவில்லை. படத்தைப் பார்த்தாள். உற்று உற்றுப் பார்த்தாள். மழிக்கிறவன் மழித்துக்கொண்டிருந்தான், ஊதுகிறவன் ஊதிக்கொண்டிருந்தான். ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியிருந்தால் ஓடிப்போயாவது இருப்பாள். தட்டு வைத்திருந்தவனின் நெற்றியில் மட்டும் சந்தனம் காயாமல் இருந்தது. ஆடி மழைக்கு எதுதான் காய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போர்வை போட்டு மூடிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் தங்கதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். போர்வையை எடுத்த பிறகுதான் அடங்கினான். ஊருக்கே போய்விடலாம் என்று வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே கண்ணில் பட்ட கடையிலெல்லாம் தின்றான், தின்னத் தின்ன முகம் வெளுத்தது, பஸ் படியில் கால் வைத்தபோது மயங்கி விழுந்தான். ஆட்டோ பிடித்துத் தோப்பும்படி பாலத்தைத் தாண்டி மட்டாஞ்சேரிக்குள் நுழைந்ததும் கண்ணைத் திறந்து, “வீட்டுக்கு வந்தாச்சா?” என்றான்.

மறுநாள் முகைதீன் பிச்சையின் கடைக்கே போனாள். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் பித்தளை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் விளக்கைக் கீழே வைத்தார்.

“அந்தப் படத்த எடுத்துருங்க பாய்.”

“எடுக்கலாம் மோளே. அத எறக்கினா சொவரும் கூட வரும், பழைய சுண்ணாம்பு. மழ மாறட்டும், மேஸ்திரிய விடுறேன்.”

“எப்ப இருந்து அங்க இருக்கு?”

“ஞான் பொறக்கும்போதே இருந்துச்சு. யாரு வெச்சதோ, படச்சவனுக்குத் தெரியும்.” தாடியைத் தடவினார். “எங்க வாப்பா அந்த ரூமுல கிடந்து உறங்குவாரு, அஞ்சு வேளையும் நிஸ்கரிப்பாரு. ஒரு சாயா மட்டும் குடிக்கமாட்டாரு. ஏன் வாப்பான்னு கேட்டா, ‘அவனுக நோக்கிட்டிருக்கானுக, எனக்கு எறங்க மாட்டேங்குது’ன்னு சொல்லுவாரு. நாங்க சிரிப்போம்.”

“அங்கதான் நாங்க சோத்துக்கடை வெச்சிருக்கோம்.”

 அவர் கண் சட்டென்று தாழ்ந்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. சொல்லியிருக்கலாமே மனுஷன்.

திரும்பி வரும்போது பஜார் தெருவில் மிளகு மூட்டைகளின் நெடிக்கு நடுவே நடந்துகொண்டே சங்கரிக்கு விளங்கிவிட்டது. எட்டுப் பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில், ஒருவன் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்து, ஒரே ஒரு இலை போட்டு, ஒருவனை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற ஏழு பேரைப் பார்க்க வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். பந்தியில் ஒருவனுக்குப் போட்டு மற்றவனை விட்டால் உயிரோடு இருக்கிறவனே சும்மா விடமாட்டான். உங்க பங்கு எங்ககிட்ட இருக்கு என்று தங்கதுரை சொன்னான், அவர்கள் அந்தப் பங்கை அவன் வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். எட்டு இலை. நிறைய நிறைய. வயிறு நிறைந்தவன் எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்?

மறுநாள் கடைக்கு லீவு என்று எழுதிப் போட்டாள். காலையிலிருந்து சமைத்தாள். ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, அவியல், பருப்பு, ரசம், பாயசம், பெரிய அண்டா நிறையச் சோறு. மச்சில் தங்கதுரை எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தான். வாசம் ஏற ஏற மேலே மரப்பலகை முனகியது. அவனுக்கும் ஒரு வாய் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கை துடித்தது. முதலில் அவர்கள் சாப்பிடட்டும், பிறகு உனக்குத்தான் எல்லாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைவுபடுத்திக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் “வாரேன்” என்று சொல்லக் கூடாது. அனுப்புகிறவர்களும் “வாங்க” என்று சொல்லக் கூடாது. பேசாமல் சாப்பிட வேண்டும், பேசாமல் போக வேண்டும். தங்கதுரைக்கு இது ரொம்பக் கஷ்டம். தெருக்குழாய்க்குப் போனால்கூட “வாரேன் சங்கரி” என்று சொல்லாமல் படி இறங்காதவன். தண்ணி பிடிக்கப் போறதுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று அவள் கேலி செய்வாள்.

சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்து ஓய்ந்தபோது மழை வலுத்தது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, கூடத்துத் தரையில் எட்டு இலை வரிசையாகப் போட்டாள். கழற்றிய பூட்ஸ்காரன், முள்காரன், ஊதுகிறவன் என்று ஒவ்வொருவனையும் நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொருவனுக்கும் பரிமாறினாள். இப்போதுதான் முதல்தடவையாக அவர்களை மனுஷர்களாகப் பார்க்கிறாள். எல்லாரும் சின்ன வயசுப் பையன்கள். ஒரு நிமிஷம் அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

“எல்லாரும் சாப்பிடுங்க,” என்றாள். 

அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

முதலில் மழைச் சத்தம் மட்டும் ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது, தெருவில் ஒரு ஸ்கூட்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, அடுப்பில் கங்கு ஒன்று வெடித்தது. பிறகு மழைக்குள்ளே வேறொரு சத்தம். தோல் வார் நெறிகிற சத்தம். பக்கத்தில் இன்னொன்று. கனமான ஆட்கள் ஒவ்வொருவராகச் சம்மணம் போட்டு உட்காரும் சத்தம். இலையைத் தன் பக்கம் இழுத்து வைக்கிற சத்தம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. கதவிடுக்கில் ஈரக் கம்பளி வாடை.

சாப்பிட்டார்கள்.

அவசரமாக. பேச்சில்லாமல். சோறு பிசையும் சத்தம். எலும்பு கடிபடும் சத்தம். உறிஞ்சல். அண்டாவில் கரண்டி இடித்தது. யாரோ பரிமாறினார்கள். அண்டா இருந்தது அவள் பக்கத்தில், அடுப்படியில். திரும்பிப் பார்த்தாள். மூடி அப்படியே இருந்தது. மெதுவாகத் தூக்கினாள்.

காலி. துடைத்து வைத்த மாதிரி.

மேலே மச்சில் சத்தமே இல்லை. முனகல் நின்றிருந்தது. கூடத்திலும் உறிஞ்சல் நின்றது. ஓர் ஏப்பம். நீளமாக, நிறைவாக, பசி தீர்ந்தவனின் ஏப்பம்.  அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தீர்ந்தது. போய்விடுவார்கள். புருஷன் பிழைத்துவிட்டான். உள்ளே பந்தி எழுந்திருக்கும் அரவம் கேட்டது. வருஷக்கணக்காகப் பந்தி எழும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன நாக்கு அவளைக் கேட்கவில்லை.

“போயிட்டு வாங்க,” என்றாள்.

எழுந்த அரவம் நின்றது.

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே எல்லாரும் திரும்ப உட்கார்ந்தார்கள். பிறகு மெல்ல, அவசரமில்லாமல், இலை மடிக்கிற சத்தம். ஒன்று. அடுத்தது. அடுத்தது.

அவள் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்பதே மறந்துபோய்க் கதவைத் திறந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. படத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது, தட்டு வைத்திருந்தவனின் நெற்றியில் சந்தனமும் இல்லை குங்குமமும் இல்லை. தரையில் எட்டு இலை. எட்டும் கல்யாண வீட்டில் மடிப்பதுபோல் மேல்பாதி கீழே வர, தங்களை நோக்கி மடிந்திருந்தன.

படியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. தங்கதுரை பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ நாளுக்கப்புறம் அந்தக் கண்ணில் பசி இல்லை.

“வயிறு நெறஞ்சிருச்சு சங்கரி,” என்றான். “கருவாட்டுக் கொழம்பு நல்லா இருந்துச்சு.”

“உங்களுக்கு நான் இன்னும் குடுக்கலையே.”

அவன் வலது கை ஈரமாக இருந்தது. பிடித்து மோந்து பார்த்தாள். கருவாடு. அதற்கு மேல் கம்பளி. அவள் நின்ற அடுப்படியைத் தாண்டாமல் மச்சிலிருந்து கூடத்துக்குப் போக வேறு வழி கிடையாது.

கீழே எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்ற சத்தம் கேட்டது.

தங்கதுரையும் எழுந்தான். லுங்கியை இறுக்கிக் கட்டினான். அவளைத் தாண்டி நடந்தான். முதல் படி. இரண்டாவது படி. அவள் வாயைத் திறந்தபடி அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். இதோ சொல்வான். சொல்லாமல் போகமாட்டான். வெறுங்கால் ஓசை கடைசிப் படியைத் தொட்டது, அங்கே காத்திருந்த காலடிகளோடு சேர்ந்துகொண்டது. எல்லாம் ஒன்றாக, ஒரே சீராக, கூடத்துக்குள் நடந்தன.

“வாரேன்” என்று அவன் சொல்லவே இல்லை.

சங்கரி சுவரைப் பிடித்துத் திரும்பினாள். பாயின் தலைமாட்டில், அலமாரித் தட்டில், அவர்களுடைய கல்யாணப் போட்டோ இருந்தது. மாலையும் கழுத்துமாக இருவர். அவள் நெற்றியில் கல்யாணத்தன்று வைத்த பொட்டு மட்டும். அவன் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, யாரோ பெருவிரலால் அழுத்தி வைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம், ஈரம் காயாமல் புருவத்தை நோக்கி மெல்ல வழிந்துகொண்டிருந்தது.